புதிய கைத்துப்பாக்கி வாங்கும் முன்

புதிய கைத்துப்பாக்கிக்கோ விலையுயர்ந்த விசைக்கோ (டிரிகர்) பணம் கொடுப்பதற்கு முன், இப்போதுள்ள துப்பாக்கியை மணல் மூட்டையின் மீது தாங்கி வைத்து, ஒரே இலக்கில் 10 தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். அவை நெருக்கமாக விழுந்து, கையில் பிடித்துச் சுடும்போது மட்டும் சிதறினால், அந்தப் பணம் முழுவதையும் தோட்டாக்களுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே சரி.

குறிபார்க்க உதவும், துப்பாக்கியின் முன்முனையிலுள்ள முன்குறிக்கும் பின்முனையிலுள்ள பின்குறிக்கும் இடையிலான தூரம் 150 மில்லிமீட்டர் என்றால், விசையை இழுக்கும் நொடியில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், 10 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 67 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். இந்த விலகல் விரலில் பிறப்பது என்பதால், எந்தப் புதுத் துப்பாக்கியும் இதைத் தானாகச் சரிசெய்துவிடாது. தோட்டா இல்லாத துப்பாக்கியின் முன்பகுதியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுவது செலவே இல்லாத, மிகச் சிறந்த பயிற்சியாகும். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். இதில் சிறிதும் அலட்சியம் கூடாது.

தாங்கி வைத்துச் சுட்டும் குண்டுகள் சிதறினாலோ, குறிகள் தளர்ந்திருந்தாலோ, கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்தாமல் விரல் விசையைச் சரியாக எட்டாவிட்டாலோ இக்குறிப்பு பொருந்தாது. .22 (0.22 அங்குல அளவு) துப்பாக்கிகள் பலவற்றில், தோட்டா இல்லாமல் விசையை இழுப்பது அடிமுள்ளை (தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் முள்) சேதப்படுத்தக்கூடும் என்பதால், அவற்றில் போலித் தோட்டாவை இட்டே பழக வேண்டும்.