டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி மழைக்கப்புறம் ரூஃப் மாத்தறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங்னு வீடு வாங்கியிருக்கற நம்மாளுங்களுக்கு ஸ்பிரிங் வந்தாலே ஆலங்கட்டி மழை பயம்தான், மழை ஓஞ்ச மறுநாளே காலிங் பெல் அடிச்சு "ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன்"னு டேப்லெட்ட நீட்டுவாங்க, மேல ஏறிப் பாக்கத்தானேன்னு நாமளும் கையெழுத்து போட்டுடுவோம். நிறைய நேரம் அது கான்ட்ராக்ட்டுங்க! க்ளெய்ம் பாஸானா வேலைய அவங்களுக்கே குடுக்கணும்னு உள்ள எழுதியிருக்கும். தயவுசெஞ்சு வாசல்ல நின்னு எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

இதைவிட மோசமானது "டிடக்டிபிள் நீங்க கட்ட வேணாம், நாங்க பாத்துக்கறோம்"ங்கற பேச்சு. டிடக்டிபிள்னா க்ளெய்ம்ல இன்சூரன்ஸ் குடுக்காம நாம கைக்காசுல கட்டவேண்டிய பங்கு. வீட்டுக்கு 4 லட்சம் டாலர் கவரேஜ், ஆலங்கட்டி டிடக்டிபிள் 2%னா உங்க பங்கு 8,000 டாலர், ஆசை வரத்தான் செய்யும், ஆனா அதை அந்தாளு கைக்காசுலயா போடுவாரு? ஃப்ளாஷிங்க (சுவரும் சிம்னியும் ரூஃபோட சேர்ற இடத்துல தண்ணி இறங்காம தடுக்கற தகடு) மாத்தாம பழசையே விட்டுடுவாங்க, மட்டமான அண்டர்லேமென்ட் (ஷிங்கிளுக்கு அடியில விரிக்கற ஷீட்) போடுவாங்க, இல்லன்னா இன்சூரன்ஸுக்குப் பொய் பில் போகும். டெக்சாஸ்ல 2019 செப்டம்பர்ல வந்த சட்டப்படி இப்படி டிடக்டிபிள தள்ளுபடி பண்றது குத்தம். இப்படிப் பேசினா அங்கயே கதவ சாத்திடுங்க. க்ளெய்ம நானே பேசி முடிச்சுத் தரேன்னாலும் அதே கதைதான், ரூஃபருக்கு அந்த உரிமை கிடையாது.

டெக்சாஸ்ல ரூஃபருக்கு ஸ்டேட் லைசென்ஸ்னே ஒண்ணு இல்ல, அதனால "லைசென்ஸ்டு"ன்னு வண்டியில எழுதியிருந்தா மயங்காதீங்க. லயபிலிட்டி இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் கேளுங்க, அதுல இருக்கற ஏஜென்ட்டுக்கு நீங்களே ஃபோன் போட்டு இப்ப நடப்புல இருக்கான்னு கேளுங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி போட்ட ரூஃப் பக்கத்து ஏரியாவுல எங்க இருக்குன்னு கேட்டு அந்த வீட்டுக்காரங்ககிட்ட பேசுங்க, போன மாசம் போட்டதெல்லாம் யார் போட்டாலும் நல்லாத்தான் தெரியும்.

கிளாஸ் 4 ஷிங்கிள் (ஆலங்கட்டி அடிய தாங்கறதுல உச்ச ரேட்டிங் வாங்கின, ரூஃப் மேல பதிக்கற ஓடு) போட்டா எதுவும் ஆகாதுன்னு நினைக்கறதும் தப்பு. இந்த ரேட்டிங் குடுக்கற யூஎல் 2218ங்கற டெஸ்ட்ல 2 இன்ச் ஸ்டீல் குண்ட 20 அடியிலேர்ந்து ஒரே இடத்துல ரெண்டு தடவ போடுவாங்க, ஷிங்கிள் கிழியாம விரிசல் விடாம தாங்கணும், அவ்ளோதான். மேல இருக்கற மணல் உதிர்றத அது கணக்குல எடுக்காது. அதனால ஐபிஹெச்எஸ்ங்கற (IBHS, இன்சூரன்ஸ் கம்பெனிங்க ஆதரவுல நடக்கற ஆராய்ச்சி அமைப்பு) அமைப்பு நிஜ ஐஸ் உருண்டை அடிச்சு குடுக்கற ரேட்டிங்கையும் பாருங்க, ரெண்டு கிளாஸ் 4 பிராண்டுக்கு நடுவுலயே நல்ல வித்தியாசம் இருக்கும்.

சரக்கு இறங்கினதும் பண்டில் கவர்ல கிளாஸ் 4ன்னு அச்சாகியிருக்கறத ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பிரீமியம் டிஸ்கவுன்ட் கேக்கும்போது உதவும். அந்த டிஸ்கவுன்ட்டுக்கு பதிலா அழகு சம்பந்தப்பட்ட டேமேஜுக்கு (ஒழுகாம, பாக்க மட்டும் அசிங்கமா தெரியற பள்ளம் மாதிரி) காசு கிடையாதுன்னு சில கம்பெனி ஒரு கண்டிஷன் சேக்கும், மெட்டல் ரூஃப் போடறவங்க அத முக்கியமா படிச்சுட்டு ஒத்துக்கோங்க.