மதுரைக்குப் போனால் ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கி வையுங்கள்

விடுமுறைக்கு மதுரை போகிறவர்களின் திட்டம் எனக்கு மனப்பாடம். மீனாட்சி கோயில், நாயக்கர் மஹால், அழகர்கோயில், இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை. மூன்று வாரம் போன இடம் தெரியாது. அதற்கு நடுவே ஒரு ஞாயிறு காலையை மட்டும் எந்தச் சொந்தக்காரருக்கும் வாக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பசுமை நடைக்குப் போகலாம்.

2010இல் மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் உள்ள யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. மலையடிவார ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் மலையைப் பார்க்கப் போனதில் தொடங்கியதுதான் இந்த நடை. பொதுவாக மாதத்தில் ஒரு ஞாயிறு விடிகாலையில், மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு குன்றுக்கோ பழைய ஊருக்கோ கூட்டமாகப் போவார்கள். கல்வெட்டுக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் இப்படிப் பல நடைகளில் பாறையைக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறார். எல்லாம் தமிழில்தான்.

கட்டணம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இதைக் கேட்டதுமே சந்தேகம் வரும். ஐரோப்பிய ஊர்களில் இலவச நடை என்று கூட்டிப்போய், முடிவில் தொப்பியை நீட்டுவார்களே, அதுபோலவா? இல்லை. இது சுற்றுலாத் தொழிலே அல்ல. உடன் வருகிறவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், குடும்பத்தோடு வருகிறவர்கள். அங்கே நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, கூட நடக்கிற இன்னொருவர். ஆகவே ‘எங்களுக்கு மட்டும் வேறொரு நாளில் ஏற்பாடு செய்ய முடியுமா’ என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நம் ஆட்கள் கேட்கிற கேள்விதான் அது. அதனால்தான் சொல்கிறேன்.

தேதியை விமானச் சீட்டு போடும்போதே தெரிந்துகொள்ள முடியாது. அவர்களின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அறிவிப்பு வந்ததும் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பதிவு செய்துவிடுங்கள். நடை முடிந்ததும் காலைச் சாப்பாடு உண்டு, தலைக்கணக்கு தெரியாவிட்டால் சமைக்கிறவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

அப்புறம் தூக்கம். டொராண்டோவிலிருந்து வந்தவர்களும் மெல்பனிலிருந்து வந்தவர்களும் முதல் வாரம் எப்படியும் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பார்கள், அவர்களுக்குக் கவலை இல்லை. லண்டன்காரர்கள் பாடுதான் கஷ்டம். மதுரையில் காலை ஐந்து என்றால் நம் உடம்புக்கு நடுநிசி. இறங்கிய மறுநாளே நடைக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை அமைந்தால் யோகம். தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை பக்கம் போய்த் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். அந்த இடத்தைப் பார்த்தாலே வந்ததற்குச் சரியாகிவிடும். மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே பெரிதாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, அதாவது சமண சமயத்தின் குருவை, காது நீண்ட செட்டியார் என்று ஊரார் நினைத்ததால் இந்தப் பெயர் என்பார்கள். குகைக்குள் விதானத்தை ஒட்டிய சிற்பங்களையும் விடாதீர்கள். சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வரும் எதிரியோடு போரிடும் இயக்கி, அதாவது சமணர்களின் காவல் தெய்வம், ஒருத்தி இருக்கிறாள். அண்ணாந்து பார்க்காதவர்களுக்கு அவள் கண்ணில் படமாட்டாள்.

அய்யனார் கோயில் பக்கமிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. நாமாக எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது, யாராவது படித்துக் காட்ட வேண்டும். மதுரைக் குன்றுகள் பலவற்றில் வரும் பெயர் அச்சணந்தி என்ற சமணத் துறவியுடையது. இங்கே ஒரு சிற்பத்தைச் செய்வித்தவர் அவருடைய தாயார் குணமதியார் என்று கல்லில் இருக்கிறது. துறவு பூண்ட மகனின் அம்மா! எனக்கு அந்த வரிசையில் மற்ற எதுவும் அதன்பிறகு மனதில் நிற்கவில்லை.

யானைமலைக்கு நடை போட்டால் நரசிங்கம் குடைவரையை, பாறையைக் குடைந்த கோயிலை, பார்ப்பீர்கள். 770இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி எடுப்பித்தது. அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் மிச்சத்தை முடித்தார். மலைமேல் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு இன்னும் பழையது, அது இந்த மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம், இபம் என்றால் யானை. இன்று ஒத்தக்கடையில் பஸ் ஏறுகிறவர் சொல்லும் பெயரும் அதுதான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள். பத்து எழுத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், பாறையில் ‘ர’ எங்கே, ‘த’ எங்கே என்று அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டு மதுரைப் பக்கத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. ஆனால் ஏற்றம் கடினம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்துவிடலாம். அரிட்டாபட்டி எளிது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்ததையும், ஊர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதையும் ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். கல்வெட்டை விட நீண்ட கதை.

கையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு. புதிய வெள்ளை ஷூ வேண்டாம். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே பாறை சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும். மார்கழியும் தையும்தான் நல்ல காலம், டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்களுக்குப் பொருத்தம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டில் தண்ணீர் ஊற்றுவது, சுண்ணாம்புக் கட்டி தேய்ப்பது எல்லாம் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், போதும்.

வீட்டில் எதிர்ப்பு வரும். என் அத்தை, “அந்தக் கல்லுல என்னடா இருக்கு? மொதல்ல போயி மீனாட்சியப் பாரு” என்றார். முதல் நாளே மீனாட்சியைப் பார்த்துவிடுங்கள், பேச்சு முடிந்தது. செல்பேசியை உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒரு வரிசை மிச்சம்.

நீங்கள் இருக்கும் வாரங்களில் நடை இல்லையென்றால்? சமணர் மலைக்கு ஆட்டோ பேசிக்கொண்டு நீங்களாகவே போகலாம். காத்திருப்புக்கும் சேர்த்தே பேசுங்கள், திரும்பும்போது அங்கே வண்டி கிடைப்பது சிரமம். இல்லாவிட்டால் நகருக்குள்ளேயே நடக்கலாம், அதற்கு வழிகாட்டி கூட வேண்டாம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றை ஒன்று சூழ்ந்திருக்கும். கடைசியில் வருவது வெளி வீதி, அது பழைய கோட்டையின் அகழி இருந்த இடம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்தார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள். மேல மாசி வீதியில் காந்தி 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறிய வீடு இருக்கிறது, கீழே கதர்க் கடை. கீழ மாசி வீதிப் பக்கம் நடந்து முடித்தால் விளக்குத்தூண். அதுவும் பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். பக்கத்திலேயே ஜிகர்தண்டா கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் கூட்டம், நான்கு மணிக்கே போய்விடுங்கள்.