25 இடம்தான் இருக்கிறது: தேசிய ஐஸ் ஹாக்கி அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பெரிய போட்டி ஒன்று நெருங்கும்போது எல்லோரும் முதலில் என்ன செய்கிறோம் என்றால், அந்த சீசனில் யார் அதிக கோல், யார் அதிக அசிஸ்ட் என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வருகிறோம். 14 ஃபார்வர்டு, 8 டிஃபென்ஸ், 3 கோல்கீப்பர், முடிந்தது என்று நினைக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்படி எடுத்தால் பவர்ப்ளேயில் (எதிரணி வீரர் பெனால்ட்டி வாங்கி வெளியே இருக்கும் நேரத்தில்) நிற்க பத்துப் பேர் கிடைப்பார்கள், ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்ப ஒருத்தர்கூட இருக்கமாட்டார்.

அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். நான்கு லைன் (சேர்ந்து ஆடும் மூன்று ஃபார்வர்டுகள்), ஒவ்வொன்றிலும் இடது விங், சென்டர், வலது விங். கீழே மூன்று டிஃபென்ஸ் ஜோடி. அதற்கும் கீழே இரண்டு பவர்ப்ளே குழு, இரண்டு பெனால்ட்டி கில் குழு (நம் வீரர் பெனால்ட்டியில் வெளியே இருக்கும்போது தற்காப்பவர்கள்), பக்கவாட்டில் ஷூட்அவுட்டுக்கு, அதாவது சமநிலையில் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து அடிக்க, ஐந்து பெயர். இப்போது கட்டங்கள் எல்லாம் காலி. உங்கள் வேலை அந்தக் கட்டங்களை நிரப்புவது, நட்சத்திரங்களைத் திரட்டுவது அல்ல. ஒரே பெயர் மூன்று கட்டத்தில் வந்தால் அவர் தங்கம். எந்தக் கட்டத்திலும் பொருந்தாத பெரிய பெயர் ஒன்று தாளுக்கு வெளியே நின்றால், மனசு கேட்காவிட்டாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

பேனாவை எடுக்கும் முன் போட்டியின் விதியைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் எண்ணிக்கை போட்டிக்குப் போட்டி மாறும். ஆண்கள் உலக சாம்பியன்ஷிப்பிலும் 2026 ஒலிம்பிக்கிலும் 25 பேர், அதாவது 22 ஸ்கேட்டர், 3 கோல்கீப்பர். பெண்கள் ஒலிம்பிக் அணிக்கு 23 பேர்தான். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் ஆட்டங்களில் ஒரு மேட்சுக்கு 20 ஸ்கேட்டரும் 2 கோல்கீப்பரும் உடை மாற்றிக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். ஆனால் 2025 பிப்ரவரியில் நடந்த நான்கு நாடுகள் போட்டி வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். விதிப்படி நடந்ததால் அங்கே அணிக்கு 23 பேர், மேட்சுக்கு 18 ஸ்கேட்டர்தான். இந்த இரண்டு இட வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஏழாவது டிஃபென்ஸ் வீரரையும் பதின்மூன்றாவது ஃபார்வர்டையும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் எடுக்க முடியுமா முடியாதா என்பதே இதில்தான் இருக்கிறது.

மேட்ச் எண்ணிக்கையையும் பாருங்கள். உலக சாம்பியன்ஷிப்பில் இறுதிவரை போனால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நாளில் 10 மேட்ச். அங்கே கால்கள் களைத்துவிடும், நான்காவது லைனும் உண்மையாகவே ஆட வேண்டும். ஒலிம்பிக்கில் குழுச் சுற்று 3 மேட்ச்தான், அதற்குப் பிறகு காலிறுதி வரை எதில் தோற்றாலும் பதக்கக் கனவு முடிந்தது. வீரர்கள் ஒருவருக்கொருவர் பழகுவதற்குள் காலிறுதி வந்து நிற்கும்.

அடுத்தது தகுதி. பாஸ்போர்ட் இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர், குடியுரிமை மாறியவர், ஏற்கெனவே இன்னொரு நாட்டுக்காக ஆடியவர் எல்லோருக்கும் சர்வதேச சம்மேளனத்தின் விதி தனித்தனி. அந்த நாட்டின் உள்நாட்டு லீக்கில் தொடர்ந்து பல சீசன் ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலருக்கும் வரும். சிறிய ஹாக்கி நாடுகள் வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களை நம்பித் திட்டம் போட்டு கடைசியில் காகிதத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் நாளே இந்தச் சந்தேகங்களை எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கட்டத்தை நிரப்பலாம். கோல்கீப்பரிலிருந்து தொடங்குங்கள். குறுகிய போட்டியில் ஒரு கோல்கீப்பர் ஒரு நாட்டையே தூக்கிக்கொண்டு போவார். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் டொமினிக் ஹாசெக் ஷூட்அவுட்டில் கனடாவின் ஐந்து பேரையும் நிறுத்தினார், செக் அணி இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. 2014 சோச்சி ஒலிம்பிக் காலிறுதியில் லாட்வியாவின் கிறிஸ்டர்ஸ் குட்லேவ்ஸ்கிஸ் 55 ஷாட்களைத் தடுத்தார், அந்தக் கனடா அணியே 2-1 என்று மூச்சு வாங்கித்தான் தப்பித்தது. நீங்கள் சிறிய நாடு என்றால் உங்கள் தேர்வுக் கூட்டத்தின் பாதி நேரம் இந்த ஒரு கட்டத்துக்கே போகலாம், தப்பில்லை.

கோல்கீப்பரின் சீசன் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். அவருடைய கிளப்பின் டிஃபென்ஸ் மோசமாக இருந்தால் அந்த எண்ணும் மோசமாகத்தான் இருக்கும். எந்த வகை ஷாட்டில் கோல் வாங்குகிறார், கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடம் எப்படி நிற்கிறார் என்று வீடியோவில் பாருங்கள். 2025 நான்கு நாடுகள் போட்டிக்குக் கனடா ஜோர்டன் பின்னிங்டனை எடுத்தபோது நிறையப் பேர் கேள்வி கேட்டார்கள். ஆனால் 2019இல் என்.ஹெச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் ஏழாவது, கடைசி மேட்சைப் பாஸ்டனில் வென்றவர் அவர். 2025 இறுதியும் அதே பாஸ்டன் அரங்கில்தான். ஓவர்டைமில் அமெரிக்கா அடித்த ஷாட்களை அவர் ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகுதான் கானர் மெக்டேவிட்டின் கோலுக்கு வாய்ப்பே வந்தது, கனடா 3-2. பெரிய மேட்ச் ஆடிப் பழகியவர் என்பது எண்ணில் வராத தகுதி, ஆனால் தகுதிதான்.

மூன்றாவது கோல்கீப்பர் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆடமாட்டார். அவர் தினமும் பயிற்சியில் கூடுதலாக நின்று ஷாட் வாங்க வேண்டும், முகம் சுளிக்காமல். அதனால் அங்கே மூன்றாவது சிறந்தவரைவிட, அடுத்த சில ஆண்டுகளில் முதல் இடத்துக்கு வரக்கூடிய இளைஞரை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

டிஃபென்ஸில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் கை. யார் இடது பக்கம் ஸ்டிக் பிடிக்கிறார், யார் வலது பக்கம் என்பது. ஏன் என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். வலது ஓரத்தில், ஐஸைச் சுற்றியுள்ள பலகையை ஒட்டி, பக் (ஆடும் ரப்பர் வட்டு) உருண்டு வருகிறது, எதிரணி விங்கர் அதே நேரத்தில் மேலே பாய்கிறார். வலது கைக்காரர் என்றால் ஸ்டிக்கின் பிளேடு ஏற்கெனவே பலகைப் பக்கம் இருக்கும், ஃபோர்ஹேண்டில் வாங்கி உடலைத் திருப்பாமல் நடுவில் பாஸ் கொடுத்துவிடுவார். இடது கைக்காரர் அந்த இடத்தில் நின்றால் பக்கைப் பேக்ஹேண்டில் வாங்க வேண்டும், அல்லது முதுகைத் திருப்ப வேண்டும். அரை நொடி போகிறது. கிளப் மேட்சில் அந்த அரை நொடியைச் சமாளிக்கலாம், உலகின் மிக வேகமான விங்கர்கள் எதிரே வரும்போது அதுதான் கோல்.

சோச்சியில் கனடாவின் எட்டு டிஃபென்ஸ் வீரர்கள் நான்கு இடது, நான்கு வலது. பயிற்சியாளர் மைக் பாப்காக் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. டங்கன் கீத்துடன் ஷே வெபர், விளாசிக்குடன் டவுட்டி, மூன்றாவது ஜோடியான போவ்மீஸ்டரும் பியட்ராஞ்சலோவும் ஏற்கெனவே செயின்ட் லூயிஸ் கிளப்பில் ஒன்றாக ஆடுபவர்கள். முந்தைய சீசனின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை வாங்கிய பி.கே. சுப்பான் அந்தப் போட்டியில் ஒரே ஒரு மேட்ச்தான் ஆடினார். கேட்கும்போது மனசு வலிக்கும். ஆனால் ஆறு மேட்சில் அந்த அணி வாங்கிய கோல் வெறும் 3. இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல?

ரிங்க்கின், அதாவது ஐஸ் தளத்தின், அகலத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். சோச்சியில் 30 மீட்டர் அகலம், வட அமெரிக்க ரிங்க் ஏறக்குறைய 26 மீட்டர்தான். அகலமான ஐஸில் மெதுவான, உடல் பலத்தை நம்பும் டிஃபென்ஸ் வீரர் ஓரத்தில் தனியாகத் திணறுவார். குறுகிய ரிங்க்கில் அதே வீரர் சுவர் மாதிரி. எங்கே ஆடப் போகிறோம் என்று தெரியாமல் ஏழாவது, எட்டாவது பெயரை எழுதாதீர்கள்.

ஃபார்வர்டுகளில் சென்டர்களை அதிகமாக எடுங்கள். நல்ல சென்டரை விங்கில் போடலாம், நல்ல விங்கரை அவசரத்துக்குச் சென்டரில் போட்டால் ஃபேஸ்ஆஃபும் (ஆட்டம் தொடங்கும்போது பக்குக்காக இருவர் மோதுவது) போகும், தற்காப்புக்குத் திரும்பி ஓடும் பழக்கமும் இருக்காது. பேட்ரிஸ் பெர்ஜரான் என்ற அருமையான சென்டர் சோச்சியில் சிட்னி கிராஸ்பிக்குப் பக்கத்தில் விங்காக ஆடினார். அந்த லைனின் இன்னொரு பக்கம் கிறிஸ் குனிட்ஸ். அவரை எடுத்தபோது அவரைவிடத் திறமையானவர்கள் வீட்டில் இருக்கிறார்களே என்று சண்டையே நடந்தது. ஆனால் குனிட்ஸும் கிராஸ்பியும் பிட்ஸ்பர்க்கில் வருஷக்கணக்கில் ஒரே லைன். கிராஸ்பி எங்கே பாஸ் போடுவார் என்று குனிட்ஸுக்குப் பார்க்காமலே தெரியும். ஸ்வீடனுக்கு எதிரான இறுதியில் 3-0, மூன்றாவது கோல் குனிட்ஸ் அடித்தது.

அதற்காக ஜோடி ஜோடியாகவே அணியை நிரப்பிவிடவும் கூடாது. ஒருவருக்குக் காயம் பட்டால் இன்னொருவர் அங்கே யாரோ போல நிற்பார். இரண்டு அல்லது மூன்று ஜோடி போதும், மற்றவர்கள் யாருடன் போட்டாலும் ஆடக்கூடியவர்களாக இருக்கட்டும்.

கடைசி நான்கு ஃபார்வர்டு இடங்களில்தான் பெரும்பாலான அணிகள் தவறு செய்கின்றன என்று நினைக்கிறேன், ஐந்தாவது பவர்ப்ளே வீரரை, ஆறாவது பவர்ப்ளே வீரரை எடுத்து அடுக்குவது. அங்கே வேலைக்காரர்களை எடுங்கள். பெனால்ட்டி கில்லில் ஷாட்டுக்குக் குறுக்கே விழுபவர், தன் கோலுக்குப் பக்கத்தில் ஃபேஸ்ஆஃபை ஜெயிப்பவர், பெனால்ட்டியே வாங்காதவர். அப்புறம் ஷூட்அவுட். சர்வதேச விதியில் முதல் ஐந்து பேர் அடித்த பிறகும் சமநிலை என்றால் ஒரே வீரரைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். 2014இல் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்கா டி.ஜே. ஓஷியை ஆறு முறை அனுப்பியது, நான்கு முறை கோல் அடித்தார், மேட்ச் அமெரிக்காவுக்கு. அதற்கு நேர்மாறாக, நகானோவில் கனடாவின் அந்த ஐந்து பேரில் டிஃபென்ஸ் வீரர் ரே போர்க் இருந்தார், வெய்ன் கிரெட்ஸ்கி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பெயரைத் தேர்வு நாளிலேயே தாளின் பக்கவாட்டில் எழுதச் சொன்னது இதனால்தான்.

வயது பற்றிய பேச்சு ஒவ்வொரு முறையும் வரும். சின்னப் பையன், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். 2006 டூரின் ஒலிம்பிக்குக்கு 18 வயது கிராஸ்பியைக் கனடா கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த அணி சுவிட்சர்லாந்து, பின்லாந்து, ரஷ்யா மூன்றிடமும் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் 0-2 என்று தோற்றது. மறுபக்கம், 2019 உலக சாம்பியன்ஷிப்பில் பின்லாந்து தன் பெரிய என்.ஹெச்.எல். பெயர்கள் எல்லாம் இல்லாமலே தங்கம் வாங்கியது. 18 வயது காப்போ காக்கோவும் இருந்தார், 203 சென்டிமீட்டர் உயரமுள்ள மூத்த கேப்டன் மார்கோ அன்ட்டிலாவும் இருந்தார். அரையிறுதியில் ரஷ்யாவுக்கு எதிரான ஒரே கோலும், இறுதியில் கனடாவுக்கு எதிராக இரண்டு கோலும் அன்ட்டிலா அடித்தவை. வயதைக் கேட்காதீர்கள், எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

உலக சாம்பியன்ஷிப் மே மாதம் நடப்பதால் ஒரு தனி நுணுக்கம் உண்டு. அப்போது ஸ்டான்லி கோப்பை பிளேஆஃப் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா 25 பெயரையும் முதல் நாளே பதிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டு மூன்று இடத்தைக் காலியாக வைத்திருந்தால் பிளேஆஃபில் தோற்று வெளியே வரும் நல்ல வீரரை நடுவில் சேர்க்கலாம். ஆனால் காலி இடம் என்றால் அதுவரை குறைந்த ஆட்களோடு ஆட வேண்டும், வர வேண்டியவர் களைத்தோ காயத்தோடோ இருந்து வராமலும் போகலாம். அவருடைய கிளப் ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். யாருக்காக இடத்தைப் பிடித்து வைக்கிறோம் என்று குறைந்தது இரண்டு பெயராவது கையில் இருந்தால் மட்டும் காலியாக விடுங்கள்.

ஒலிம்பிக்கில் கதை வேறு. 2026 மிலான் போட்டிக்கு என்.ஹெச்.எல். வீரர்களோடு வரும் நாடுகள் முதல் 6 பேரை 2025 ஜூனிலேயே சொல்ல வேண்டியிருந்தது. இப்படி முன்கூட்டிக் கேட்டால் ஃபார்ம் மாறினாலும் இடம் மாறாதவர்களை மட்டும் கொடுங்கள். சந்தேகம் உள்ள ஒருவருக்கு அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து அவரே உங்கள் பிரச்சினை.

பட்டியல் முடிந்ததும் விட்டுப்போனவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். தேர்வு அறையில் ஒருவரைப் பற்றிச் சொன்ன கடுமையான வார்த்தை வெளியே வரக்கூடாது. 2014 அமெரிக்க அணித் தேர்வின்போது பாபி ரயனைப் பற்றி அறைக்குள் பேசியது அப்படியே பத்திரிகையில் வந்து அவர் நொந்துபோனார், அணிக்கும் அது நல்லதாக இல்லை. போனில் காரணத்தைச் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள்: உன் இடத்தில் பெனால்ட்டி கில் ஆடுபவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். பிறகு, காயம் ஏற்பட்டால் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், சொன்னால் அப்படியே செய்யுங்கள். 2014இல் கனடா அணியில் மார்ட்டின் செயின்ட் லூயிஸ் என்ற வீரரை முதலில் விட்டுவிட்டார்கள். விட்டவர் ஸ்டீவ் ஐசர்மன், அவர்தான் தாம்பாவில் செயின்ட் லூயிஸின் கிளப்புக்கும் பொது மேலாளர், அதனால் மனக்காயம் இன்னும் ஆழம். அப்புறம் ஸ்டீவன் ஸ்டாம்கோஸின் கால் எலும்பு முறிவு போட்டிக்குள் ஆறாது என்று தெரிந்ததும் அதே செயின்ட் லூயிஸைத்தான் கூப்பிட்டார்கள். வந்தார், ஆடினார், தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். சில வாரத்திலேயே தாம்பாவை விட்டு வேறு கிளப்புக்கும் போய்விட்டார்.