இன்டர்நேஷனல் லாயர்ஸ் கான்ஃபரன்ஸுக்கு போற ஜூனியரா? கேஸ் கட்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க

போன மாசம் ஒரு ஜூனியர் தம்பி போன் பண்ணான். "அண்ணா, கான்ஃபரன்ஸுக்கு ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், கோட்டு வாஷ் பண்ணி அயர்ன் பண்ணியாச்சு, வேற என்ன எடுத்துட்டு போகணும்?" கேஸ் கட்டு நாலு எடுத்துட்டு போடான்னேன். சிரிச்சான். நான் கிண்டலுக்கு சொல்லல, இந்த போஸ்ட்டே அதுக்குத்தான்.

இந்த மாதிரி கூட்டம் உலகம் முழுக்க நடக்குது. இதை நடத்துற சர்வதேச வக்கீல் சங்கங்கள்ல யுஐஏ 1927ல ஆரம்பிச்சது, ஐபிஏ 1947, லாஏசியா 1966. நம்ம பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் 2023 செப்டம்பர் 23, 24ல டெல்லி விக்யான் பவன்ல ஒண்ணு நடத்துச்சு, பிரதமர் வந்து தொடங்கி வச்சாரு. எங்க போனாலும் நிகழ்ச்சி நிரல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: ஏஐ, எல்லை தாண்டுற வழக்கு, காலநிலை, டேட்டா, சைபர் குற்றம், வெளிநாட்டு லா ஃபர்ம். கேக்கும்போது பிரமாண்டமா இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு கையில பாத்தா ஒரு சணல் பை, ஒரு பேனா, போட்டோ பதினஞ்சு. முதல் தடவை நான் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

ரெண்டாவது தடவை ஒரு வேலை செஞ்சேன். நிகழ்ச்சி நிரலை பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு செஷனுக்கு பக்கத்துலயும் நம்ம ஆபீஸ்ல இருக்க எந்த கட்டுக்கு இது ஒட்டும்னு பென்சில்ல எழுதுனேன். எதுவும் ஒட்டலைன்னா அந்த செஷனுக்கு போகக்கூடாது, அவ்ளோதான் ரூல். விண்வெளி சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, 1967 ஒப்பந்தத்துல இருந்து ஆரம்பிச்சு பேசுவாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா எங்கிட்ட ராக்கெட் விடுற கட்சிக்காரர் யாரும் இல்ல, அந்த நேரத்துல டீ குடிச்சேன்.

முதல்ல ஏஐ. எங்க போனாலும் இதுக்குத்தான் ஹால் நிறையும், பேசுறவங்க பாதி பேர் "ஏஐ நம்ம வேலைய எடுத்துருமா"ன்னு சுத்திட்டே இருப்பாங்க, அது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது நியூயார்க்ல நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா. விமானத்துல சாப்பாட்டு வண்டி முழங்கால்ல இடிச்சிருச்சுன்னு நஷ்ட ஈடு கேஸ், ரொம்ப சாதாரண கேஸ். கேஸ் போடுற கெடு முடிஞ்சிருச்சான்னு பிரச்னை வந்ததும் பயணி தரப்பு வக்கீல் சாட்ஜிபிடி கிட்ட கேட்டு, அது குடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவுல போட்டுட்டாரு. அதுல பல கேஸ் உலகத்துலயே இல்ல! எதிர் தரப்பு தேடிப் பாத்துட்டு கிடைக்கலன்னு சொல்ல, கோர்ட் நகல் கேக்க, மறுபடியும் அந்த மெஷின் கிட்டயே போயி வாங்கி தாக்கல் பண்ணாங்க. இதுல கூத்து என்னன்னா, நடுவுல "இது நிஜமான கேஸா?"ன்னு அதுகிட்டயே கேட்டிருக்காரு, அதுவும் ஆமான்னு சொல்லிருக்கு. திருடன் கிட்டயே சாவி எங்கன்னு கேட்ட மாதிரி. 2023 ஜூன்ல 5,000 டாலர் அபராதம். பணம் பெருசில்ல, ஆனா இன்னிக்கு எந்த நாட்டு கான்ஃபரன்ஸ்லயும் முதல் ஸ்லைடு அந்த கேஸ்தான், அந்த மானம் திரும்பி வருமா?

அமெரிக்காவோட முடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. 2025 ஜூன்ல லண்டன் ஹைகோர்ட் ரெண்டு கேஸை சேர்த்து விசாரிச்சு தீர்ப்பு சொல்லுச்சு, அதுல ஒண்ணுல காட்டுன 45 சைட்டேஷன்ல, அதாவது மேற்கோள் காட்டுன பழைய தீர்ப்புகள்ல, 18 கேஸ் இல்லவே இல்ல. இனிமே இப்படி வந்தா கோர்ட் அவமதிப்பு, ரொம்ப மோசமா இருந்தா போலீஸுக்கே அனுப்புவோம்னு எழுதிட்டாங்க. நம்ம பக்கத்துல கேரளா ஹைகோர்ட் 2025 ஜூலையில மாவட்ட நீதிமன்றங்களுக்கு தனியா ஏஐ கொள்கையே போட்டிருக்கு, தீர்ப்பு முடிவு பண்ண ஏஐ பக்கம் போகவே கூடாதுன்னு.

அதனால செஷனுக்கு போறதுக்கு முன்னாடி நம்ம ஆபீஸ் பழக்கத்தை ஒரு தடவை பாருங்க. நான் ஜூனியர்களுக்கு சொல்றது இதுதான், சைட்டேஷன் எங்கிருந்து வந்தாலும் சரி, சீனியர் வாயிலிருந்தே வந்தாலும் சரி, தீர்ப்பை முழுசா இறக்கி கையில வச்சிக்கணும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னா அவங்களோட தீர்ப்பு தளம் இ-எஸ்சிஆர் இலவசம்தான், நியூட்ரல் சைட்டேஷன் (கோர்ட்டே தீர்ப்புக்கு குடுக்குற) நம்பரை போட்டா வரணும், வரலன்னா உடனே சந்தேகப்படுங்க. வந்தாலும் விடாதீங்க, தேதியும் பெஞ்சும் பொருந்துதா, அந்த ஜட்ஜ் அந்த வருஷம் அந்த கோர்ட்ல இருந்தாரா, நீங்க எடுத்துக் காட்டுற பாரா நம்பர்ல அந்த வரி நிஜமா இருக்கான்னு பாருங்க. கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க: கேஸ் நிஜம், பேர் நிஜம், ஆனா சொன்ன வரி மட்டும் அதுல இருக்காது. அப்புறம் கட்சிக்காரர் பத்திரத்தையோ வாக்குமூலத்தையோ இலவச ஆப்ல பேஸ்ட் பண்ணி "சுருக்கி குடு"ன்னு கேக்குற பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க, அது எங்க போயி சேருதுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

அடுத்தது எல்லை தாண்டுற வழக்கு. எனக்கு இதுதான் சோறு போடுது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்குங்க.

ஒரு துணி ஏற்றுமதியாளர் கட்டு எங்கிட்ட வந்துச்சு. வாங்குன கம்பெனி வெளிநாடு, பணம் நிக்குது. கான்ட்ராக்ட்ல கடைசி பக்கத்துல ஒரு வரி: ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு பதிலா நடுவர் வச்சு தீத்துக்குறது) லண்டன்ல, சட்டம் இந்திய சட்டம், கோர்ட் அதிகாரம் சென்னைக்கு மட்டும். யாரோ மூணு கான்ட்ராக்ட்ல இருந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. "சீட் எதுன்னு தெளிவா இல்லைங்க"ன்னு நான் சொன்னதும் அவரு, "ஏலச்சீட்டா சார்? அதெல்லாம் நான் போடலையே"ன்னாரு. சீட்னா ஹியரிங் நடக்குற ரூம் இல்ல, அந்த ஆர்பிட்ரேஷன் எந்த நாட்டு கோர்ட்டோட கண்காணிப்புல இருக்குங்கிறது. வென்யூங்கிறது சும்மா உக்காருற இடம். சீட் வெளிநாட்டுல இருந்தா அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, ரத்து பண்ணச் சொல்லி நம்ம ஊர் கோர்ட்டுக்கு போக முடியாது, 2012ல பால்கோ தீர்ப்புல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் இதை போட்டு உடைச்சிருச்சு. ரெண்டு பார்ட்டியும் இந்தியாவா இருந்தாலும் வெளிநாட்டு சீட் வச்சிக்கலாம்னு 2021ல பாஸ்ல் விண்ட் தீர்ப்பும் வந்தாச்சு.

இப்ப புதுசா ஒரு குண்டு இருக்கு, கான்ஃபரன்ஸ்ல இதை கண்டிப்பா பேசுவாங்க. பிரிட்டனோட புது ஆர்பிட்ரேஷன் சட்டம் 2025 ஆகஸ்ட் 1ல அமலுக்கு வந்துச்சு. அதன்படி சீட் லண்டன்னா, ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கும் இங்கிலாந்து சட்டம்தான், நீங்க அந்த ஷரத்துக்குன்னே தனியா வேற சட்டம் எழுதியிருந்தாத்தான் மாறும். மெயின் கான்ட்ராக்டுக்கு இந்திய சட்டம்னு எழுதுனது இதுக்கு கணக்குல வராது. 2020ல அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் என்கா கேஸ்ல சொன்னது இதுக்கு நேர் எதிர். பழைய கான்ட்ராக்டா இருந்தாலும், ஆர்பிட்ரேஷன் இந்த தேதிக்கு அப்புறம் ஆரம்பிச்சா புது சட்டம்தான், அதனால உங்க பழைய கட்டெல்லாம் ஒரு தடவை பிரிச்சி பாக்குறது நல்லது.

இந்த செஷன்ல உக்காரும்போது மனசுல ஒரே கேள்வி வச்சிக்குங்க: எதிராளி சொத்து எந்த நாட்டுல இருக்கு? மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். ஆர்பிட்ரேஷன் அவார்டா இருந்தா ஒரு நாட்டு அவார்டை இன்னொரு நாடு ஏத்துக்கணும்ங்கிற 1958 நியூயார்க் கன்வென்ஷன் இருக்கு, 170க்கு மேல நாடுங்க அதுல இருக்கு, அங்க போயி நிறைவேத்தலாம். ஆனா அங்கிருந்து இங்க வர்ற அவார்டுக்கு கன்வென்ஷன்ல அந்த நாடு இருந்தா மட்டும் பத்தாது, மத்திய அரசு அரசிதழ்ல அறிவிச்ச நாடா இருக்கணும், நம்ம ஆர்பிட்ரேஷன் சட்டம் 44வது பிரிவு. இங்க நிறைவேத்த மூணு வருஷம் டைம்னு 2020ல வேதாந்தா தீர்ப்பு. கோர்ட் டிகிரின்னா, அதாவது கோர்ட் தீர்ப்பாணைன்னா, கதையே வேற. சிவில் நடைமுறை சட்டம் 44ஏ பிரிவுல அறிவிச்ச நாட்டு டிகிரியை நேரா இங்க இபி (நிறைவேற்று மனு) போட்டு நிறைவேத்தலாம், சிங்கப்பூர், பிரிட்டன், மலேசியா எல்லாம் இருக்கு, துபாய் அபுதாபி இருக்க ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில சேந்துச்சு. அமெரிக்கா கிடையாது. அமெரிக்க டிகிரிய தூக்கிட்டு வர்ற என்ஆர்ஐ கட்சிக்காரர் கிட்ட "இதை வச்சு இங்க புதுசா வழக்கு போடணுங்க"ன்னு சொன்னா அவர் மூஞ்சி போற போக்கை பாக்க முடியாது. அமீரகத்துல வேலை பாக்குற நம்ம ஆளுங்க எத்தனை பேர் அங்க பேங்க் லோன் வாங்கிட்டு ஊருக்கு வந்துருக்காங்க, அவங்களுக்கு இந்த 2020 அறிவிப்பு தெரியுமான்னு கேட்டு பாருங்க.

சம்மன் பத்தியும் ஒரு வார்த்தை. நாடுகளுக்கு நடுவுல சம்மன் அனுப்புறதுக்கான ஹேக் சர்வீஸ் கன்வென்ஷன்ல, வெளிநாட்டுல இருந்து தபால்ல வர்ற சம்மனை இந்தியா ஒத்துக்கல, சட்ட அமைச்சகம் வழியா வரணும். கட்சிக்காரர் கவரை பிரிச்சிட்டு பதறி வந்தா முதல்ல அது எந்த வழியா வந்துச்சுன்னு பாருங்க. அதுக்காக கிழிச்சி போட சொல்லாதீங்க, அந்த ஊர்ல எக்ஸ்பார்ட்டி ஆயிட்டா, அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பு வந்துட்டா, அப்புறம் தலைவலி உங்களுக்குத்தான்.

காலநிலை செஷனை நான் முதல்ல ஒதுக்கத்தான் பாத்தேன், நமக்கும் பனிப்பாறைக்கும் என்ன சம்பந்தம்னு. தப்பு. கதை நல்ல கதை: பசிபிக் தீவுல சட்டம் படிச்ச பசங்க 2019ல கிளப்பி விட்டது, வனுவாட்டு நாடு தூக்கிட்டு போயி, 2023 மார்ச்ல ஐநா பொதுச்சபை தீர்மானம் ஆயி, 2025 ஜூலை 23ல சர்வதேச நீதிமன்றம் ஒருமனதா கருத்து சொல்லுச்சு, காலநிலையை காக்குறது நாடுகளோட சட்டக் கடமைன்னு. அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரா கட்டாது, ஆனா ஒவ்வொரு நாட்டு கோர்ட்லயும் அதை எடுத்து படிப்பாங்க. நம்ம சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2024 மார்ச்ல கானமயில் கேஸ்ல, காலநிலை பாதிப்புக்கு எதிரான உரிமை அரசியல் சட்டம் 14, 21வது ஆர்ட்டிகிள்ல இருக்குன்னு சொல்லியாச்சு.

ஆனா கட்டுல ஒட்டுறது இதெல்லாம் இல்ல, ஐரோப்பாவோட கார்பன் எல்லை வரி, அதாவது இறக்குமதி சரக்கை செய்யும்போது வெளியான கார்பனுக்கு போடுறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் மாதிரி சரக்குக்கு 2026 ஜனவரி 1ல இருந்து முழுசா அமல். போல்ட்டு நட்டு செஞ்சு ஜெர்மனிக்கு அனுப்புற கட்சிக்காரர் உங்களுக்கு இருந்தா, அங்க வாங்குறவர் வருஷத்துக்கு 50 டன்னுக்கு மேல இறக்குறவரா இருந்தா, கார்பன் எவ்ளோன்னு கணக்கு கேட்டு மெயில் வரும். அந்த கணக்கு தப்பாப் போனா செலவு யார் தலையிலன்னு கான்ட்ராக்ட்ல எழுதியிருக்கா? எழுதல. யாருமே எழுதல. கேள்வி நேரத்துல இதை கேளுங்க, ஐரோப்பிய வக்கீல் ஒருத்தராவது இன்டர்வெல்ல உங்களை தேடி வருவாரு.

டேட்டா, சைபர் சீக்கிரம் சொல்லிர்றேன். ஐரோப்பாவோட ஏஐ சட்டத்துல அபராதம் 3.5 கோடி யூரோ இல்லைன்னா உலக விற்றுமுதல்ல 7 சதவீதம் வரைக்கும் போகும், கம்பெனி இந்தியாவுல இருந்தாலும் அது குடுக்குற அவுட்புட் ஐரோப்பாவுல பயன்பட்டா உள்ள வந்துரும். நம்ம டேட்டா சட்டம் 2023, அபராதம் 250 கோடி ரூபா வரைக்கும், விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. சைபர் குற்றத்துக்கு ஐநா ஒப்பந்தம் 2024 டிசம்பர்ல நிறைவேறி 2025 அக்டோபர்ல ஹனோய்ல கையெழுத்துக்கு திறந்தாங்க, 40 நாடு உறுதி செஞ்சாத்தான் அமலுக்கு வரும். ஆன்லைன் மோசடியில பணம் வெளிநாட்டுக்கு போன கேஸ் வச்சிருக்கவங்க மட்டும் உக்காருங்க.

வெளிநாட்டு லா ஃபர்ம் செஷன்ல சத்தம் அதிகமா இருக்கும். பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்குங்க, இந்த சண்டையோட பெரிய கேஸ் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஆரம்பிச்சதுதான், ஏ.கே. பாலாஜி கேஸ், 2012ல இங்க தீர்ப்பு, 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட். அவங்க இங்க ப்ராக்டிஸ் பண்ண முடியாது, வந்துட்டு ஆலோசனை சொல்லிட்டு போகலாம்னு. அப்புறம் 2023ல பார் கவுன்சில் ரூல்ஸ், 2025 மே மாசம் திருத்தம். கோர்ட்ல ஆஜராக இப்பவும் விடல.

கடைசியா ஹால்ல எப்படி நடந்துக்கணும். மைக் கைக்கு வந்ததும் "எனது 12 ஆண்டு அனுபவத்தில்"னு ஆரம்பிக்காதீங்க, ஒரே கேள்வி, கட்சிக்காரர் பேரே இல்லாம, முப்பது செகண்ட். விசிட்டிங் கார்டு வாங்குனா பின்னாடி எந்த கட்டுக்கு ஆகும்னு அங்கயே எழுதிருங்க, இல்லைன்னா வீட்டுக்கு வந்து பாக்கும்போது எல்லா கார்டும் கல்யாண பத்திரிகை மாதிரி ஒண்ணு போலவே இருக்கும். மெயிலை ஒரு வாரத்துக்குள்ள அனுப்புங்க.

ஊருக்கு வந்த அதே வாரம் ஆபீஸ் டெம்ப்ளேட்டை திறந்து ஒரு ஷரத்தையாவது திருத்துங்க. அந்த துணி ஏற்றுமதியாளரோட அடுத்த கான்ட்ராக்ட்ல நான் மாத்துனது தமிழ்ல சொன்னா இவ்ளோதான்: ஆர்பிட்ரேஷனோட சீட் சிங்கப்பூர், ஹியரிங் வசதிக்கு கோயம்புத்தூர்லயோ ஆன்லைன்லயோ நடத்தலாம், அதனால சீட் மாறாது, இந்த ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு சிங்கப்பூர் சட்டம், மத்த கான்ட்ராக்டுக்கு இந்திய சட்டம். சென்னை கோர்ட்னு இருந்த வரியை அடிச்சிட்டேன். அவரு படிச்சிட்டு, "இதுல ஏலச்சீட்டு எதுவும் இல்லைல்ல சார்?"னு மறுபடியும் கேட்டுட்டுதான் கையெழுத்து போட்டாரு.