படர்தாமரை ஜெல்: ஃபார்முலேஷனில் சறுக்கும் இடங்கள்

கடலூர், புதுச்சேரிப் புழுக்கத்தில் படர்தாமரைக்குப் பஞ்சமில்லை. பார்மசி மாணவர்கள் அதற்கு ஜெல் செய்யும் ப்ராஜெக்ட்டுக்கும் பஞ்சமில்லை. ஸ்டோரில் ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமரான கார்போபால் 940 இருக்கும், ஜெல்லும் அதில்தான் என்று முடிவாகிவிடும். மருந்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான். முதல் தவறு இதுவே.

பூஞ்சை மருந்தான டெர்பினாஃபின் ஹைட்ரோகுளோரைடு நேர்மின் சுமையுள்ள உப்பு. காரம் சேர்த்து நடுநிலையாக்கிய கார்போபாலுக்கு எதிர்மின் சுமை. இரண்டையும் கலந்தால் ஜெல் நீர்த்துப்போகலாம், திரிதிரியாகப் பிரியலாம். கெட்டியாகட்டும் என்று அந்தக் காரமான ட்ரைஎத்தனாலமைனை மேலும் சொட்டினால் பி.எச். 7-ஐத் தாண்டும், மருந்தும் கரைசலிலிருந்து பிரிந்து படியத் தொடங்கும். இங்கே அயனித்தன்மை இல்லாத செல்லுலோஸ் பாலிமரான ஹெச்.பி.எம்.சி.தான் பொருத்தம்.

இன்னொரு பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோல் 1 சதவீதத்துக்குக் கார்போபால் ஒத்துவரும். இந்த மருந்து அமிலத்தில் சிதைவதால் பி.எச். 6-க்குக் கீழே போகவிடாதீர்கள். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எத்தனால், புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்துச் சேர்த்தாலும் நீர் கூடக்கூட மறுபடி படிகமாகும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று விடாமல், ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

100 கிராம் ஜெல்லுக்குக் கார்போபால் 0.5 முதல் 1 கிராம் போதும். சுழலும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஊறி, உள்ளே உலர்ந்த கட்டிகள்தான் மிஞ்சும். கடலோரப் போர்வெல் தண்ணீரைத் தொடவே வேண்டாம்: உப்பு பட்டால் கார்போபாலின் பிசுபிசுப்பு சரியும். சுத்திகரித்த நீர் மட்டும்.

பூஞ்சை ஒடுக்கும் சோதனையில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை மட்டும் வைத்து முடிப்பது பழைய வழக்கம். அது ஓரிரு நாளில் வளரும், ட்ரைக்கோஃபைட்டானுக்கு ஒரு வாரமாவது வேண்டும் என்பதே காரணம். ஆனால் படர்தாமரையை உண்டாக்குவது ட்ரைக்கோஃபைட்டான் போன்ற தோல் பூஞ்சைகளான டெர்மட்டோஃபைட்டுகள். டெர்பினாஃபினுக்குக் கேண்டிடாமேல் வீரியமும் குறைவு. மருந்தில்லாத ஜெல்லையும் அதே தட்டில் வையுங்கள். எத்தனால் மட்டுமே பூஞ்சையை ஒடுக்கியிருக்கலாம்.

மருந்து தோல் வழியே செல்வதை அளக்கும் ஃபிரான்ஸ் செல்லில் தோல் வெப்பம் 32 டிகிரி. வழக்கமாக வைக்கிற 37 அல்ல. தோலுக்குக் கீழே மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக் கரைசல் வெறும் பஃபராக இருந்தால் க்ளோட்ரிமசோல் அதில் கரையாமல், வெளியீடு குறைவாகத் தெரியும். ஊடுருவல் கூடினால் வெற்றி என்பதும் சரியில்லை. பூஞ்சை மேல்தோலின் கெரட்டின் அடுக்கில்தான் குடியிருக்கிறது; அங்கே எவ்வளவு மருந்து தங்கியது என்பதை டேப் ஒட்டி உரித்து அளக்க வேண்டும்.

ஜெல் எவ்வளவு காலம் கெடாமலிருக்கும் என்று பார்க்கும் நிலைப்புச் சோதனையை ஏசி அறை அலமாரியில் நடத்த முடியாது. இந்தியாவுக்கு நீண்டகால அளவு 30 டிகிரி. துரித அளவு 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், 6 மாதம்.