"தெரிஞ்ச விஷயம்தானே": உளவியல், அரசறிவியல் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, என்ன பாடம் எடுப்பது என்று கேட்டு ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். கலைப்பிரிவில் பலருக்கு உளவியலிலும் அரசறிவியலிலும் ஒரு கண். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "கணக்கு இல்லை, தெரிஞ்ச விஷயம்தானே." மனம் எல்லோருக்கும் இருக்கிறது. அரசியல் பேசாத தேநீர்க்கடை திருகோணமலையில் இல்லை. அதனால் பாதியைப் படித்து முடித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. நான் பார்த்த தவறுகளில் அநேகமானவை இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

அரசறிவியலை முதலில் எடுப்போம். கட்சி அரசியலில் வேகம் உள்ள பிள்ளை விடைத்தாளிலும் மேடைப்பேச்சு எழுதிவிடும். விகிதாசாரத் தேர்தல் முறையை விளக்கச் சொன்னால், அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கம் வரும். ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரு வரி வராது.

நம் மாவட்டத்தை வைத்தே போட்டுப் பாருங்கள். திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளும் சேர்ந்து 4 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகின்றன. ஒரு பேச்சுக்கு, செல்லுபடியான வாக்குகள் 210,000 என்று வைப்போம். 5 வீதம் எடுக்காத சிறு கட்சிகளுக்கும் குழுக்களுக்கும் போனது 30,000. அதைக் கழித்தால் 180,000. முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடுவதால் மிச்சம் 3 ஆசனம். 180,000ஐ 3ஆல் பிரித்தால் 60,000. முதல் கட்சி 80,000, இரண்டாவது 65,000, மூன்றாவது 35,000 எடுத்திருந்தால், முதலிரண்டு கட்சிகளுக்கும் ஒவ்வொன்று. கடைசி ஆசனம் யாருக்கு? மிச்ச வாக்கு கூடியவருக்கு. முதல் கட்சியிடம் மிச்சம் 20,000, இரண்டாவதிடம் 5,000, மூன்றாவதிடம் முழு 35,000. ஆகவே மூன்றாவது கட்சியும் உள்ளே வந்துவிடுகிறது. 65,000 எடுத்தவருக்கும் ஒன்று, 35,000 எடுத்தவருக்கும் ஒன்று! அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையில் இருப்பது இதுதான். இந்தக் கணக்கைக் கையால் ஒருதரம் போட்ட பிள்ளை, சிறிய கட்சிகள் ஏன் கூட்டுச் சேர்கின்றன என்பதை யாரும் சொல்லாமலே எழுதும்.

அடுத்தது, பழைய ரியூசன் குறிப்பு. அக்காவின் கொப்பி தங்கைக்கு, தங்கையிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு. 2015இல் வந்த அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தோடு நின்றுபோன குறிப்பை இன்னும் பாடமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் குறைத்த ஜனாதிபதி அதிகாரங்களில் பலவற்றை 2020இல் 20ஆவது திரும்பக் கொடுத்தது. உயர்பதவி நியமனங்களைப் பார்க்கும், அப்போது இல்லாமல் போன அரசியலமைப்புப் பேரவையை 2022இல் 21ஆவது மறுபடி கொண்டுவந்தது. அரசியலமைப்பு தமிழிலேயே பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாகாண சபையின் தலைமையகம் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, எந்த அதிகாரம் மாகாணத்துக்கு, எது மத்திக்கு என்று சொல்லும் ஒன்பதாம் அட்டவணையைப் புரட்டிப் பார்க்காமல் பட்டம் வாங்குவது பெரிய இழப்பு.

சரி, உளவியல். இங்கே முதல் அதிர்ச்சி புள்ளிவிபரவியல். சராசரி, நியமவிலகல் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது), இணைபு (இரண்டு விஷயம் சேர்ந்து மாறுகிறதா என்பது) எல்லாம் வரும். ஆய்வுக்கட்டுரை வாசிக்கவே அது வேண்டும். கணக்குக்குப் பயந்து வந்தவர்கள் இதைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள். முதல் செமஸ்டரிலேயே பிடித்துக்கொண்டால் அது மலையில்லை.

பாடமாக்குவது இங்கும் கெடுக்கிறது. உளவியலாளர் மில்கிராமின் கீழ்ப்படிவுப் பரிசோதனை என்றால் எல்லோரும் "65 வீதம்" என்று எழுதுவார்கள். கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு, ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று பார்த்த பரிசோதனை அது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், உண்மைதான். ஆனால் கட்டளையிடுகிறவர் அறையை விட்டு வெளியேறி தொலைபேசியில் சொன்னபோது அது ஏறத்தாழ 21 வீதமாக விழுந்தது. கூட இருந்து அதே வேலையைச் செய்த இருவர் மறுத்தபோது 10 வீதம். மனிதன் கீழ்ப்படிகிறான் என்பதோடு, எப்போது மறுக்கிறான் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. அரசறிவியலும் சேர்த்துப் படிக்கிறவருக்கு இதைவிட நல்ல பாலம் கிடைக்காது.

எனக்கு மனசில் நிற்கும் ஒரு காட்சி. இறுதி வருட மாணவி ஒருத்தி ஆய்வுக்காக மன அழுத்த வினாக்கொத்தோடு நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போயிருந்தேன். "கடந்த இரண்டு வாரத்தில் காரியங்களில் விருப்பம் குறைந்ததா?" என்று வாசித்தாள். வலை பொத்திக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "விருப்பம் பார்த்தா பிள்ளை வேலை செய்யிறது?" என்றார். அவள் 'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அதே அம்மா, சுனாமிக்குப் பிறகு நெஞ்சு பாரமாகவே கிடக்கிறது, இரவில் கண் மூடுவதில்லை என்றார். அதற்குத் தாளில் பெட்டி இல்லை. ஆங்கிலத்தில் செய்த வினாவைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படித்தான். நம் சனம் துக்கத்தை உடம்பால் சொல்கிறது. முதலில் நாலு பேரோடு பேசிவிட்டு வினாவை எழுத வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடத்திலேயே நண்பர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது, உறவுக்காரருக்கு "கவுன்சிலிங்" கொடுப்பது வேண்டாம். போரும் கடலும் தின்ற வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. முதல் பட்டம் மட்டும் யாரையும் சிகிச்சையாளர் ஆக்காது. மேற்படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். கேட்டு வருகிறவரை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதே பெரிய உதவி.

ஆங்கிலம்: இரண்டு பாடத்திலும் நல்ல நூல்கள் பெரும்பாலும் அதில்தான். தமிழ்ச்சொல் ஒரு பக்கம், ஆங்கிலச்சொல் மறுபக்கம் என்று முதல் நாளே ஒரு கொப்பி போடுங்கள்.

கம்பஸ் கிடைக்காமல் தனியார் படிப்புக்குப் போகிறவர்கள், காசு கட்ட முன்னர் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டம் தருவது யார், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? படிப்புத் தகைமைகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எந்த மட்டம்? சாதாரண இளமாணி 5ஆம் மட்டம், சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். டிப்ளோமா அதற்குக் கீழே. பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.