மோல்டு எடுக்கும் முன் பேட்டர்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர்கிளாஸ் மோல்டுக்கான பேட்டர்னில், அதாவது மோல்டு எடுப்பதற்காக முதலில் செய்யும் மாதிரி வடிவத்தில், விட்டுவைத்த கீறலோ ஊசித்துளையோ தானாக மறைந்துவிடாது. மோல்டின் முதல் படலமாகப் பேட்டர்ன்மேல் பூசும் ரெசினான ஜெல்கோட் அதை அப்படியே படியெடுக்கும். பிறகு அந்த மோல்டில் வார்க்கும் ஒவ்வொரு பொருளிலும் அது வரும். பேட்டர்னில் உள்ள பள்ளம் மோல்டில் மேடாகும், அதைத் தேய்த்துவிடலாம். ஆனால் பேட்டர்னில் ஒட்டிய தூசியும் வழிந்த பெயின்ட்டும் மோல்டில் குழியாகிவிடும். குழியை நிரப்பி, பளபளப்பு கெடாமல் சரிசெய்வது பெரும்பாடு. எனவே பேட்டர்னில் உள்ள மேடுகள்மேல் இன்னும் கூடுதல் கண் வேண்டும்.

முதல் தவறு, பளபளப்பில்லாத பிரைமரைக் கையால் தடவிப் பார்த்து “வழவழப்பாக இருக்கிறது” என்று முடிவு கட்டுவது. மங்கலான பரப்பு எல்லாக் குறையையும் மறைக்கும். கறுப்பு ஸ்பிரேயைத் தள்ளிப் பிடித்து, மிக லேசாகப் புள்ளி புள்ளியாகத் தூவுங்கள். காய்ந்ததும் 320 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள். கறுப்பு தங்கும் இடம் பள்ளம்; அடிநிறம் முதலில் தெரியும் இடம் மேடு. அதன்பின் டியூப்லைட்டைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, ஈரப்படுத்திய பரப்பில் அதன் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தின் கோடு நெளிந்தால் அங்கே பரப்பும் நெளிந்திருக்கிறது.

விரல் நுனியால் தேய்க்கவே வேண்டாம். விரல் அழுந்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். பட்டி போட்ட இடத்தை மட்டும் சிறு வட்டமாகத் தேய்ப்பதும் அதே கெடுதல்தான். பட்டியும் பிரைமரும் ஒரே வேகத்தில் தேயாது, சுற்றிலும் ஒரு வளையம் நிற்கும். ஒட்டுப் போட்ட இடத்தைவிட நீளமான கட்டையால், நாலாபுறமும் ஒரு சாண் தள்ளித் தேய்த்தால் பரப்பு சமமாகும்.

ஊசித்துளைகளில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மேலே பிரைமரை அடித்தால் துளையின் வாய் மட்டும் மூடும், உள்ளே காற்று அப்படியே இருக்கும். அடுத்த முறை தேய்க்கும்போது மூடி தேய்ந்து துளை திரும்பத் தலைகாட்டும். ஊசியாலோ 1 மி.மீ. டிரில் பிட்டாலோ வாயைத் திறந்து, தூசியை ஊதிவிட்டு, மென்மையான பாலியெஸ்டர் பட்டியை ரப்பர் தகட்டால் இரண்டு திசையிலும் அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். பெரும்பாலான பட்டிகளுக்கு 100 கிராமுக்கு 2 கிராம் அளவில் ஹார்டனர் போதும். டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால் மேலே பூசும் நிறத்தில் கறை ஊறும். வேகமாக அடித்துக் கலக்காமல் தட்டில் அழுத்தி மடித்துக் கலக்குங்கள். அடித்தால் காற்று புகுந்து புதுத் துளைகள் பிறக்கும். டியூபில் வரும், ஹார்டனர் சேர்க்காத பட்டி இந்த வேலைக்கு ஆகாது. தின்னர் ஆவியாக ஆக அது சுருங்கிக்கொண்டே போகும். ஜெல்கோட்டில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் அதை இளக்கியும் விடும்.

உப்புத்தாள் எண்களைத் தாண்டக் கூடாது. 180 போட்ட கையோடு 600க்குப் போனால், பழைய கீறலின் மேல்விளிம்பு மட்டும் மழுங்கும். பாலிஷ் போட்டதும் அடிக்கீறல் பளிச்சென்று தெரியும். 240, 320, 400, 600, 800, 1000, 1200 என்று ஏறுங்கள். ஒவ்வோர் எண்ணிலும் திசையைக் குறுக்காக மாற்றினால் முந்தைய கீறல் எது மிச்சம் என்று தெரிந்துவிடும். இடையில் ஆழமான கீறல் கண்ணில் பட்டால் நுண்தாளில் மல்லுக்கட்டாமல் 320க்கே இறங்குங்கள்.

எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை) பேட்டர்னில் வெட்டு விளிம்புகளை எபாக்சியால் அடைக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் இழை உப்பும். பிரைமர் தேய்ந்து பலகை தெரிந்தாலும் உடனே நிறுத்தி, நன்றாகக் காயவிட்டு, அடைத்துவிட்டுத் தொடருங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பிரைமர் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. தின்னர் வாடை வந்தாலோ நகம் பதிந்தாலோ இன்னும் காயவில்லை. அதன்மேல் மோல்டு போட்டால் பிரைமர் சுருக்கம் விழும், இல்லையென்றால் மோல்டோடு பிய்ந்து வரும். தயாரிப்பாளர் சொல்லும் காலம் முழுவதும் விட்டு, பட்டி போட்ட இடங்கள் அமுங்கியிருக்கின்றனவா என்று விளக்கொளியில் மறுபடி பாருங்கள்.

மோல்டு ஒட்டாமல் கழல்வதற்கான வாக்ஸைத் தடவியபின் திருத்தம் கூடாது. அதன்மேல் பட்டியும் பிரைமரும் பிடிக்காது. சிலிகான் கலந்த பாலிஷும் வேண்டாம், அது தங்கிய இடத்தில் ஜெல்கோட் விலகிக் கண் கண்ணாகத் திறக்கும். ஒரு துண்டுப் பலகையில் அதே பட்டி, பிரைமர், வாக்ஸ் எல்லாம் போட்டு, ஜெல்கோட்டும் ஓர் அடுக்கு கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பு) வைத்து மறுநாள் கழற்றிப் பாருங்கள். பலகையில் ஒட்டினாலோ மேல்பரப்பு சுருங்கினாலோ பேட்டர்னில் ஜெல்கோட்டை அடிக்காதீர்கள்.